விர்மசாலோவின் மூன்று கட்டைகள்

விர்மசாலோ, 8 டிசம்பர் 1976

அன்புள்ள மகள் பைவிக்கிக்கு, அப்பா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் மருமகன் ரெயோவும் பேரன் மிக்காவும் அந்த வெயில் தேசத்தில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். கடிதம் என்றால் முதலில் நலம், பிறகு வானிலை, அதற்குப் பிறகுதான் மற்றது என்று உன் அம்மா எனக்குப் பழக்கிவிட்டிருக்கிறாள், அதனால் வானிலையையும் சொல்லிவிடுகிறேன். ஏரி இன்னும் உறையவில்லை, கரையோரம் மட்டும் கண்ணாடி மாதிரி பிடித்திருக்கிறது, தெப்பம் போகும் வழியைத் தெப்பக்கார ஆர்மாஸ் தினமும் காலையில் கடப்பாரையால் உடைத்து விடுகிறான். மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது. முந்தாநாள் சுதந்திர தினத்துக்கு வழக்கம் போல ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன், எதிரே தீவில் பதிலுக்கு ஒரு வெளிச்சமும் இல்லை. மற்றதை எழுதத்தான் நாலைந்து நாளாக மேசைக்கு வருவதும் எழுந்து போவதுமாக இருக்கிறேன்.

உன் கடிதத்தில், மிக்காவின் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் தாத்தா ஊரைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள், உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் நம் ஊராட்சிக் கொடியில் இருக்கும் சின்னத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறான் என்று எழுதியிருந்தாய். என் அறுபதாவது பிறந்த நாளுக்கு ஊராட்சி மன்றத்தார் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு வந்து கொடுத்த கொடி அது, உனக்குத்தான் அனுப்பினேன், பத்திரமாக வைத்திருக்கிறாய் என்பதில் எனக்குச் சந்தோஷம். நல்ல நேரம் பார்த்துத்தான் கேட்டிருக்கிறான் உன் பிள்ளை. இன்னும் மூன்று வாரத்தில் விர்மசாலோ என்று ஓர் ஊராட்சி இருக்காது, நகரத்தோடு சேர்த்துவிடுகிறார்கள், சின்னமும் போகிறது. பெரிய ஊரின் சின்னம்தான் நிற்குமாம், அதில் ஒரு கோபுரமும் ஒரு பல்சக்கரமும் இருக்கிறது. எங்களுடையதை நினைவுக்காக வைத்துக்கொள்ளலாம் என்று நகரத்திலிருந்து வந்த அதிகாரி பெரிய மனது பண்ணிச் சொன்னார்.

அவன் எழுதிக்கொள்ளட்டும். நீல நிறம் ஏரி. அதன் மேல் ஒன்றன் கீழ் ஒன்றாக வெள்ளி நிறத்தில் மூன்று கட்டைகள் இருக்கின்றனவே, அவை தெப்பம் இழுக்கும் பிடிகட்டைகள். கரைக்கும் தீவுக்கும் நடுவே இரும்பு வடம் கட்டியிருக்கிறது, கட்டையில் வெட்டியிருக்கும் வாயை வடத்தில் மாட்டிச் சாய்த்தால் கவ்விக்கொள்ளும், பிறகு முதுகை வளைத்து இழுக்க வேண்டியதுதான். தெப்பத்தில் ஏறியவர் யாராக இருந்தாலும் இழுக்க வேண்டும், போதகர் இழுப்பார், டாக்டர் இழுப்பார், கல்யாணப் பெண் வெள்ளை உடையோடு இழுப்பாள். நீ கைக்குழந்தையாக ஞானஸ்நானத்துக்குப் போனபோது உன் விரலைப் பிடித்து வடத்தில் வைத்து எடுத்த பிறகுதான் தெப்பத்தை நகர்த்தினார்கள். இழுக்காமல் கடக்கிறவர் சவப்பெட்டிக்குள் இருப்பவர் மட்டும். சின்னத்தின் பொருளாக அந்தக் காலத்துப் பள்ளித் தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்ததும் அதுதான், இந்த ஊரில் பயணி என்று எவரும் இல்லை, எல்லோரும் இழுப்பவர்கள் என்று. அழகாகத்தான் எழுதினார் மனுஷன்.

ஆனால் அந்தக் கட்டைகளைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. படம் வரைந்தவர் ஹெல்சிங்கிக்காரர், பிடிகட்டையைக் கண்ணால் பார்த்தவர் இல்லை, கீழே பார்க்க வேண்டிய வாயை மேலே பார்க்கும்படி வரைந்துவிட்டார். அப்படிப் பிடித்தால் வடம் வழுக்கிக்கொண்டே போகும், தெப்பம் நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது நான் மன்றத்தில் இல்லை, உன் அம்மாவின் அப்பா இருந்தார், அவர் வந்து வீட்டில் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். படத்தை மேசையில் விரித்ததும் அத்தனை பேருக்கும் தப்பு தெரிந்துவிட்டது, வாரம் தவறாமல் தெப்பம் இழுக்கிற ஆட்கள் அல்லவா. தலைவர் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டார். அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பியிருக்கிறார், அவர் மனம் புண்படுமே என்று ஒருவர் நினைத்தார், பக்கத்தில் இருப்பவர் சொல்வார் என்று மற்றவர் நினைத்தார், ஏற்கப்பட்டது என்று தலைவரின் சுத்தியல் விழுந்துவிட்டது. பிறகு திறப்பு விழா, ஆளுநர் எல்லாம் வந்திருக்கிறார், திரையை இழுத்ததும் ஊரே கைதட்டுகிறது, நீ மட்டும் நடுவிலே நின்று, "அப்பா, கட்டையெல்லாம் தலைகீழா இருக்கே, இது எப்படி வடத்தைப் பிடிக்கும்" என்று கத்திக் கேட்டாய். உன் அம்மா உன் தொடையைக் கிள்ளினாள், ஞாபகம் இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் நீ, அந்த ஒரு ஆளும் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாய்.

இப்போது அம்மா விஷயம். அவளைத் தீவில் இருக்கும் ஊராட்சி முதியோர் இல்லத்தில் விட்டதிலிருந்து ஒரு நாள் விடாமல் தெப்பத்தில் போய் மத்தியானச் சாப்பாடு கொடுத்து வந்தேன் என்பது உனக்குத் தெரியும். பக்கவாதம் வந்த பிறகு பேச்சு திரும்பவில்லை, வலது கை திரும்பவில்லை, தாதிகள் கரண்டியை நீட்டினால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள், நான் உட்கார்ந்து ஊட்டினால்தான் கஞ்சியோ பழக்கூழோ உள்ளே போகும். காப்பியில் தோய்த்த ரொட்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவாள். வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதா என்று நீ நினைப்பாய், ரெயோவும் நினைப்பான். பார்த்துப் பார்த்தாயிற்று, பைவிக்கி. அவளைத் தூக்கப் போய் இரண்டு பேரும் சமையலறைத் தரையில் விழுந்து, உன் வெய்க்கோ மாமா பால் கொண்டு வரும் வரைக்கும் அப்படியே கிடந்தோம். அவளுக்கு அப்போது சிரிப்பு வந்துவிட்டது, பாதி முகத்தால் சிரித்தாள். தீவுக்குக் கூட்டிப் போன அன்றுகூட இடது கையால் கட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனாள்.

இணைப்பு ஒப்பந்தம் மன்றத்துக்கு வந்தது அக்டோபரில். இணைவதைத் தடுக்க முடியாது என்று எனக்குத் தெரியும், ஊரில் இளவட்டம் இல்லை, வரி கட்ட ஆள் இல்லை, பாதிப் பேர் சுவீடனில், மீதிப் பேர் உன்னை மாதிரி. ஆனால் ஒப்பந்தத்தில் தீவு இல்லத்தை மூடி எல்லோரையும் நகரத்து மருத்துவமனைக்கு மாற்றுவதாக ஒரு வரி இருந்தது. நகரம் பஸ்ஸில் போனால் அரை நாள் பயணம், பஸ்ஸும் வாரத்தில் இரண்டே நாள். நகரத்து அதிகாரியைத் தாழ்வாரத்தில் பிடித்துக் கேட்டேன், இப்போது இருப்பவர்கள் உயிரோடு இருக்கும் வரைக்கும் இல்லம் நடக்கட்டும் என்று மன்றம் கேட்டால் நகரம் மறுக்காது, ஆனால் மன்றம் கேட்க வேண்டும் என்றார். எனக்கு அது போதும். கூட்டத்தில் எழுந்து சொன்னேன். நான் பேச்சாளி இல்லை, இது என் மனைவிக்காகவும்தான் கேட்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை என்றும் சேர்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

மன்றத்து விதி உனக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒருவர் ஒன்றைச் சொன்னால் இன்னொருவர் ஆமோதிக்க வேண்டும், ஆமோதிக்க ஆள் இல்லையென்றால் வாக்கெடுப்புக்கே போகாது. ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொல்ல எழுந்து நிற்கக்கூட வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் முணுமுணுத்தால் போதும். தலைவர் யாராவது ஆமோதிக்கிறீர்களா என்று கேட்டார். அறையில் சுவர்க் கணப்பு சூடாகும் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடியும் கேட்டார், நல்ல மனுஷன், காத்திருந்தார். என் பக்கத்து நாற்காலியில் உன் வெய்க்கோ மாமா, உன் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன், மடியில் இருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தத் தொப்பியில் அப்படி என்ன எழுதியிருந்ததோ தெரியாது. தலைவர் தள்ளுபடி என்று சுத்தியலைத் தட்டினார். எனக்கு ஹெல்சிங்கிக்காரர் வரைந்த கட்டைகள்தான் கண்ணில் நின்றன, அவரும் ஊருக்குப் பொருத்தமாகத்தான் வரைந்தார்.

பிறகு காப்பி. கூட்டம் முடிந்தால் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வந்துவிடுமே, அதோடு எல்லோருக்கும் பேச்சும் வந்துவிட்டது. ஒருவர் தோளைத் தட்டி ஔலிஸ் நல்லா பேசினீங்க என்கிறார், இன்னொருவர் என் மனசில் இருந்ததை அப்படியே சொன்னீங்க என்கிறார், மூன்றாமவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த இல்லத்தில் ஓர் ஆள் இருந்தார். அம்மா, சித்தி, அண்ணன், யாராவது. ஆமோதித்தால் தன் வீட்டுக்காகக் கேட்கிறான் என்று ஊர் சொல்லுமே என்று ஒவ்வொருவரும் தன் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். வெய்க்கோ கடைசியாக வந்து நின்றார், கரண்டியால் காப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார், சர்க்கரையே போடாத ஆள். "சொல்லத்தான் இருந்தேன் மாப்ள. தங்கச்சிக்காகச் சொல்றான்னு நெனச்சுடுவாங்களோன்னு வாய் வரல" என்றார். தங்கச்சிக்காகச் சொல்லாமல் வேறு யாருக்காகச் சொல்வது என்று கேட்டுவிட்டுக் காப்பியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதிலிருந்து அவரோடு பேச்சில்லை. கல்யாணமானதிலிருந்து சனிக்கிழமை என்றால் அவர் வீட்டு சவுனாவின் நீராவியில்தான் இரண்டு பேரும் உட்கார்ந்து குளிப்போம், அதையும் விட்டுவிட்டேன், இப்போது வெந்நீர் வைத்துச் சமையலறையில் துடைத்துக்கொள்கிறேன்.

போன வியாழக்கிழமை மாற்றினார்கள். நகரத்திலிருந்து இரண்டு வேன் வந்தது, தெப்பத்தில் ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற முடியும். ஆர்மாஸ் ஒருவனால் அந்தப் பாரத்தை இழுக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும், காலையில் துறைக்குப் போனால் மன்றத்து ஆட்கள் எல்லோரும் கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தலைவர்கூட வந்திருந்தார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை, தாங்களாக வந்திருக்கிறார்கள். அன்றைக்கு இழுத்தார்கள் பார், பைவிக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு, பனிக்கட்டி நொறுங்க நொறுங்க, அப்படி ஒரு சேர்ந்த இழுப்பை நான் ஆயுசில் பார்த்ததில்லை. தங்கள் தங்கள் அம்மாவைத் தாங்களே இழுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நானும் இழுத்தேன், என்ன செய்ய, ஏறினால் இழுக்க வேண்டும்.

அம்மா இரண்டாவது வேனோடு வந்தாள். கரைக்குப் போய் வேனில் ஏற்றிக்கொள்ளலாம் என்று அவளைச் சக்கர நாற்காலியோடு தெப்பத்தின் தளத்திலேயே வடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள், கழுத்து வரைக்கும் கம்பளி. அவளுக்கு எங்கே போகிறோம் என்று தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது, நான் முந்தின நாள் சொன்னேன், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெப்பம் நகர்ந்ததும் கம்பளிக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்து நீட்டினாள். கட்டையைக் கேட்கிறாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நகரத்து வேன் ஓட்டுநருக்கு எப்படித் தெரியும், அவர் பாவம் அன்பாகத்தான் குளிருகிறது அம்மா என்று சொல்லிக் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். அவள் மறுபடியும் எடுத்தாள், அவர் மறுபடியும் வைத்தார். இழுப்பவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், எல்லோரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வெய்க்கோ பேசினார். இழுப்பதை நிறுத்திவிட்டு, தெப்பம் முழுக்கக் கேட்கும்படி, "அவ கையில ஒரு கட்டயக் குடுங்கப்பா. என் தங்கச்சி இழுக்கணும்" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் நாலு பேர் நடுவில் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை, குரல் உடைந்துபோயிருந்தது. ஓட்டுநருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, வீட்டுக்காரர் நான்தான் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல, என் பக்கம் திரும்பி, "என்ன பெரியவரே, குடுக்கலாமா" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னால் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். ஆனால் அதைக் கேட்டது வெய்க்கோ. அன்றைக்கு எனக்காக ஒரு வார்த்தை சொல்லாத வாய்க்கு இன்றைக்கு நான் ஒத்து ஊத வேண்டுமா என்று நெஞ்சுக்குள் ஒன்று திமிறிக்கொண்டு நின்றது. நான் வடத்தைப் பார்த்துக்கொண்டு இழுத்தேன். ஓட்டுநர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், பிறகு கம்பளியை இன்னும் இறுக்கமாகச் சுற்றிவிட்டார். அவர் காத்திருந்த நேரத்தில் நூறு தடவை ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கையைத் தானே உள்ளே இழுத்துக்கொண்டாள். இதுவரை தீவிலிருந்து இழுக்காமல் கரை சேர்ந்தவர்கள் எல்லோரும் நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனவர்கள், அது அவளுக்குத் தெரியாதா. எத்தனையோ பெட்டிகளை அவளே இழுத்திருக்கிறாள், அவள் அம்மாவின் பெட்டியையும் சேர்த்து. கரையில் ஏற்றி வேன் கதவைச் சாத்தும்போது ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன், கை சில்லென்று இருந்தது, பிடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வண்டி போய்விட்டது. வெய்க்கோ துறையில் நின்றுகொண்டிருந்தார், நான் அவரைத் தாண்டி நடந்து வந்துவிட்டேன். சனிக்கிழமை அவர் வீட்டு சவுனாவிலிருந்து புகை வந்தது, வழக்கமான நேரத்தில், ஒற்றை ஆளுக்கு அவ்வளவு விறகு எரிக்க மாட்டார். ஜன்னலில் நின்று புகை அடங்கும் வரைக்கும் பார்த்தேன், போகவில்லை.

நேற்று கடையிலிருந்து மருத்துவமனைக்குப் போன் போட்டேன். தாதி மரியாதையாகத்தான் பேசினாள், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார், மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறோம், கவலைப்பட வேண்டாம் என்றாள். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் போகிறேன், காப்பியும் ரொட்டியும் எடுத்துப் போகிறேன், குழாயை எடுத்துவிட்டு என்னை ஊட்ட விடுவார்களா தெரியாது. விட்டாலும் அவள் என் கையால் வாங்குவாளா என்பதுதான் எனக்குப் பயம். நீ பதறிக்கொண்டு டிக்கெட் வாங்க ஓடாதே, கப்பலோ விமானமோ நீ வந்து சேர்வதற்குள் இங்கே என்ன ஆகும் என்று யாரால் சொல்ல முடியும். வந்தாலும் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அக்டோபரில் அந்த அறையில் நீ இருந்திருந்தால் ஆகியிருக்கும், விருந்தாளிகள் நாற்காலியில் இருந்தாவது கத்தியிருப்பாய், இந்தத் தடவை உன்னைக் கிள்ள யாரும் இல்லை. வியாழக்கிழமை தெப்பத்திலும் நீ இருந்திருக்க வேண்டும். உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, அப்படி வாசித்துவிடாதே, நீ போனது சரிதான், இங்கே இருந்திருந்தால் உன்னையும் நாங்கள் வாயை மூடப் பழக்கியிருப்போம்.

ரெயோவிடம், சுரங்கத்தில் தூசிக்கு முகமூடி போடாமல் இறங்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ வெயிலில் தொப்பி இல்லாமல் துணி காயப்போடாதே. புது வருஷத்துக்குப் பிறகு உறையில் விர்மசாலோ என்று எழுதாதே, நகரத்தின் பெயரை எழுதி அதன் கீழே என் பெயரை எழுது, தபால்காரர் பழைய ஆள், கண்டுபிடித்துவிடுவார். கடவுள் உங்கள் மூன்று பேரையும் காக்கட்டும், மிக்காவின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்ததாக நினைத்துக்கொள்கிறேன். அவன் நோட்டில் எழுதும்போது சின்னத்தின் அர்த்தம் எல்லோரும் இழுப்போம் என்பது என்று எழுதட்டும், தலைமையாசிரியர் பாவம் சிரமப்பட்டு யோசித்தது. கட்டைகள் தலைகீழாக இருக்கின்றன என்பதையும் எழுதச் சொல், அதை முதலில் சொன்னது தன் அம்மா என்றும் எழுதட்டும். படம் போடுவதாக இருந்தால் மட்டும் சரியாகப் போடட்டும், வாய் கீழே பார்க்க. ஒன்றைக் கொஞ்சம் சின்னதாக, ஒற்றைக் கையால் பிடிக்கிற மாதிரி போடச் சொல்.

உன் அப்பா,
ஔலிஸ்